ஈடு வைக்க உறுதி இல்லாத பெண்களுக்குத் தொழிற்கடன்: கோப்பு எங்கே தேறுகிறது, எங்கே திரும்புகிறது

திருகோணமலையில் தொழிற்கடன் கேட்டுப் போகும் பெண்கள் பலர் முதல் நாளே நின்றுபோவது காணி உறுதியில்தான். எங்கள் பக்கத்தில் சீதன வீடு மகளுக்கு. வீடு அவருடையது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை, உறுதி மட்டும் இன்னும் தாயின் பெயரிலோ பாட்டனாரின் பெயரிலோ கிடக்கும். மூதூர், வெருகல், தம்பலகாமம் பக்கம் அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் கணவர் பெயரில் இருக்கும். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் பத்திரத்தையே பறிகொடுத்தவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் ஈடு இல்லாத கடன்தான் வழி.

காணியைக் கேட்காத வங்கி அதற்குப் பதிலாகப் பார்ப்பவை மூன்று: பழைய கடன் வரலாறு, தொழிலில் புரளும் காசு, பிணையாளிகள். முதல் இரண்டும் படிவம் நிரப்பும் கிழமையில் சரிப்படுத்தக்கூடியவை அல்ல. பெண்களின் கோப்புகளோடு வங்கிப் படியேறி இறங்கும் நாங்கள் சொல்வது இதுதான்: கடன் தேவைப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதல் வேலை ‘கிரிப்’ அறிக்கை எடுப்பது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான கடன் தகவல் பணியகம் (சுருக்கமாகக் ‘கிரிப்’, CRIB) உங்கள் கடன்களையும், நீங்கள் பிணை நின்ற கடன்களையும் பதிந்து வைத்திருக்கிறது. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். வங்கி பார்ப்பதற்கு முன்னர் நீங்கள் பார்த்துவிட வேண்டும். கிழமைக் கடன், குழுக்கடன் எடுத்தவர்கள் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். கட்டி முடித்த கடன் நிலுவையாகக் காட்டினால், கொடுத்த நிறுவனத்திடம் தீர்வுக் கடிதம் வாங்கித் திருத்தக் கேட்க வேண்டும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், திருகோணமலை உட்பட, பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் தந்தது. அதில் அடங்கியவர்கள் அந்தக் கடன் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும். உறவுக்காரருக்காகத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த கடனும் உங்கள் கடன்தான். அவர் தவறவிட்ட தவணை உங்கள் பெயரில் நிற்கும். இதில் அடிபட்டு, நன்றாக நடக்கும் தொழிலுக்குக் கடன் கிடைக்காமல் நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது எங்களுக்கு ஆறுவதில்லை.

ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். எந்தெந்த நிறுவனம் உங்கள் பெயரைத் தேடியது என்பதும் அறிக்கையில் தெரியும். ‘எல்லா இடமும் தட்டிப் பார்க்கிறார்’ என்ற எண்ணம் கடன் உத்தியோகத்தருக்கு வந்துவிடும்.

வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகம் ஊடாக. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் தொழில் நடக்கும் இடத்துக்கான சான்றும் வேண்டும். அடையாள அட்டை, மின் பட்டியல், பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயரும் விலாசமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் தகப்பன் பெயர், இன்னொன்றில் கணவர் பெயர் என்றிருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும்.

பிறகு கணக்கு. ஒரு சீ.ஆர். கொப்பி போதும். குச்சவெளியில் கருவாடு போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ பச்சை மீனில் ஏறத்தாழ 30, 35 கிலோ கருவாடுதான் தேறும். மீன் வாங்கிய விலை, உப்பு, ஐஸ், கூலி, ஏற்றுக்கூலி, விற்ற கிலோ, கடனுக்குக் கொடுத்த கடையின் பெயர், அந்தக் காசு வந்த திகதி எல்லாம் அன்றன்றே விழ வேண்டும். வீட்டுக்கு எடுத்த கருவாட்டையும் எழுதுங்கள். ஒரே இரவில் ஒரே பேனையால் எழுதிய ஆறு மாதக் கணக்கை எந்த உத்தியோகத்தரும் கண்டுபிடித்துவிடுவார். மழையில் பழுதான சரக்கும் நட்டமும் எழுதியிருக்கும் கொப்பியைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

கொப்பி மட்டும் காணாது. விற்ற காசை முதலில் வங்கியில் போட்டு, பிறகு தேவைக்கு எடுங்கள். கொப்பியில் மாதம் 90,000 ரூபாய் விற்பனை, வங்கிக் கூற்றில் வரவு 15,000 என்றால் வங்கி 15,000ஐ வைத்தே கடன் தொகையைக் கணிக்கும்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பிழைகள் கூட. மெஷின் வாங்கவென்றால் கடையின் விலைக்கூற்றை இணையுங்கள். வங்கி காசை நேரே கடைக்கே செலுத்தக்கூடும். மெஷினுக்கு மட்டும் கேட்டுவிட்டு மூலப்பொருளுக்குக் கையில் காசில்லாமல் நின்றால் முதல் தவணைக்கே மெஷின் உழைக்காது. இரண்டையும் பிரித்துக் காட்டிக் கேளுங்கள். வீட்டுச் செலவும் கழித்து மிஞ்சுவதில் பாதிக்கு மேல் தவணை போகக்கூடாது என்பது எங்கள் கணக்கு. அதையும் வருடத்தின் மோசமான மாதத்தை வைத்தே பார்க்க வேண்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை கடல் கொந்தளிப்பு, கருவாடு காயாது. நிலாவெளி விடுதிகளுக்குச் சாப்பாடு கொடுப்பவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல உழைப்பு. இதைக் காட்டி, அந்த மாதங்களில் வட்டி மட்டும் கட்டும்படியோ சலுகைக் காலம் தரும்படியோ ஒப்பந்தத்துக்கு முன்னரே கேட்க வேண்டும். கையெழுத்து வைத்த பின்னர் கேட்டால் அது தவணை தவறியதாகத்தான் பார்க்கப்படும்.

வட்டியைக் கேட்கும்போது ‘முழுத் தொகைக்கும் வட்டியா, குறையும் மீதிக்கா?’ என்று கேளுங்கள். 3 இலட்சம் ரூபாய், 24 மாதம், 12 சதவீதம் என்று வைப்போம். முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டால் மாதம் 15,500, மொத்த வட்டி 72,000. குறையும் மீதிக்கு என்றால் மாதம் ஏறத்தாழ 14,120, மொத்த வட்டி 39,000க்குள். முதலாவது முறை உண்மையில் 21 சதவீதத்தையும் தாண்டிய வட்டி. ஆவணக் கட்டணம், காப்புறுதி, கட்டாயச் சேமிப்பு என்று முதலிலேயே கழிப்பார்களா என்றும், கைக்கு வரும் தொகை எவ்வளவு என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

பிணையாளிகள் பெரும்பாலும் இருவர். அரச உத்தியோகத்தர் என்றால் வங்கிக்குத் திருப்தி. ஆனால் அவர் சம்பளத்தில் ஏற்கெனவே கழிவுகள் நிறைந்திருந்தால் பெயர் திரும்பி வரும். சம்பளச் சீட்டை முதலே பாருங்கள். கணவரின் ஒப்பத்தையும் சில இடங்களில் கேட்பார்கள். கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும். காணாமற்போனவர் என்றால், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) திருத்தச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் காணாமை பற்றிய சான்றிதழைக் காட்டலாம். மரணச் சான்றிதழ் எடுத்து வரும்படி அந்தப் பெண்ணை வற்புறுத்துவது கொடுமை. அப்படிக் கேட்டால் கிளை முகாமையாளரிடம் நேரே பேசுங்கள்.

தள விசாரணைக்கு வருபவர் சரக்கையும் பற்றுச்சீட்டுகளையும் பார்ப்பார், அயலவரிடமும் கேட்பார். விலை, இலாபம், தவணை பற்றிய கேள்விகளுக்குத் தொழில் நடத்தும் பெண்ணே பதில் சொல்ல வேண்டும். கணவரோ மகனோ முந்திக்கொண்டு சொன்னால் ‘கடன் வேறு யாருக்கோ’ என்று குறிப்பெழுதிவிடுவார்கள்.

ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். வாசிக்க முடியாத தாளில் ஒப்பமிட வேண்டியதில்லை. கடனை வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அதுதான் அடிப்படை. கிளையில் தீராத முறைப்பாட்டை மத்திய வங்கியிடம் கொண்டுபோகலாம். அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று திருகோணமலையிலேயே இருக்கிறது.

கடைசித் தவணை கட்டிய கையோடு தீர்வுக் கடிதம் வாங்கிப் பிணையாளிகளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஓரிரு மாதம் கழித்துக் கிரிப் அறிக்கையை மறுபடி எடுத்து, உங்கள் பெயரிலும் அவர்கள் பெயரிலும் அந்தக் கடன் முடிந்ததாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.