மத்தியானம் மட்டும் படுத்துக்குற கம்ப்யூட்டர்

2017 தைப்பூசம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். அப்ப மலேசியாவுல பினாங்குல, கொம்தார் கோபுரம் பக்கம் ஒரு சின்ன ரிப்பேர் கடையில எனக்கு வேலை. கல்யாண வீடியோ எடுக்குற அண்ணன் ஒருத்தர் பழைய டெஸ்க்டாப்ப தூக்கிட்டு வந்தார், தண்ணீர்மலை முருகன் கோயில் காவடி வீடியோவ ரெண்டர் போட்டா (வெட்டி ஒட்டுனத ஒரே ஃபைலா ஆக்குறது) பாதியிலயே படக்குன்னு ரீஸ்டார்ட் ஆயிடுதாம், ப்ளூ ஸ்கிரீன் கூட வர்றதில்லையாம்.

பயாஸ (விண்டோஸுக்கு முன்னாடியே வர்ற செட்டிங்ஸ் திரை) திறந்தா எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. உள்ள இருக்குறது இன்டெல்லோட கோர் 2 குவாட் க்யூ6600 சிப்பு, சொந்த வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனா அந்த வேகத்துக்கு அடிப்படையான பஸ் ஸ்பீடு 266 மெகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்துல 333, ஒன்பதால பெருக்குனா 3.0. 2009ல அத அப்படி ஏத்தி வச்சது வேற யாரும் இல்ல, நான்தான்! புதுசா வேலைக்கு சேந்த ஜோருல, சிப்பு மூடியில 'மலாய்'னு அச்சடிச்சிருக்குறத காட்டி, பாயான் லெப்பாஸ்ல 1972லேந்து இன்டெல் ஃபேக்டரி இருக்கு, நம்ம ஊரு சரக்குண்ணே தாங்கும்னு வேற சொல்லியிருந்தேன்.

தப்பு என் பேர்ல வந்துடக்கூடாதேன்னு மத்த எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். ரேம ஒண்ணொண்ணா கழட்டி மாட்டுனேன், பவர் சப்ளைய மாத்துனேன், தூசிய ப்ளோவர்ல ஊதுனேன், சிப்ப விடாம கணக்கு போட வச்சு சோதிக்குற ப்ரைம்95 புரோகிராம ராத்திரி பூரா ஓடவிட்டேன், ஒரு எர்ரர் கூட இல்ல. கொடுத்து அனுப்புனா மூணாவது நாளே ஃபோன், "தம்பி, மறுபடியும் அதே கததான்." மறுபடி கொண்டாந்தார், மறுபடி கடையில ஒழுங்கா ஓடுது.

அப்பறம்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியத கேட்டேன், எந்த நேரத்துலண்ணே இப்படி ஆகுது? "மத்தியானம்தான் தம்பி, ராத்திரி போட்டா சில நாள் முடிஞ்சிடும்." எங்க கடையில நாள் பூரா ஏர்கான் ஓடும்!

மறுநாள் ரெண்டு மணிக்கு அவர் வீட்டுக்கே போனேன். பழைய கடைவீட்டு மாடி, மேல தகரக் கூரை, கம்ப்யூட்டர் இருக்குறது சாமி மாடத்துக்கு கீழ. ஃபேன முழுசா கழட்டுனா (கடையில அத செய்யல, மேலாப்புல ஊதுனதோட சரி) சிப்போட சூட்ட வாங்குற ஹீட்சிங்க் தகடுகளுக்கு மேல சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேந்து கம்பளித்துணி மாதிரி படிஞ்சிருக்கு, விரலால உரிச்சா ஒரே துண்டா வருது. அத போர்டோட பிடிச்சிருக்குற நாலு பின்னுல ஒண்ணு வேற சரியா பூட்டாம லூசா நிக்குது. சுத்தம் பண்ணி, சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல சூட்ட கடத்துற பழைய பேஸ்ட்ட தொடச்சு புதுசு போட்டு, நாலு பின்னும் டக் டக்னு பூட்டுற வரைக்கும் அமுக்குனேன். 88 டிகிரி காட்டுனது 69க்கு எறங்குச்சு.

முடிஞ்சுதுன்னு காப்பி குடிச்சிட்டு இருக்கேன், நாப்பதாவது நிமிஷம், அங்க ஓடவிட்டிருந்த ப்ரைம்95ல நாலு கோர்ல ஒண்ணு நின்னு போச்சு. கணக்கு தப்பாயிடுச்சாம். சூடு கொறஞ்சும் இப்படின்னா? டார்ச் அடிச்சு சிப்பு உக்காந்திருக்குற சாக்கெட் ஓரத்த பாத்தேன், ரெண்டு கெப்பாசிட்டர் தலை லேசா உப்பியிருந்துச்சு. பயாஸ்ல சிப்புக்கு நான் போட்டது 1.35 வோல்ட், லோடு ஏறுனா சிப்பு நிலவரம் காட்டுற சிபியூ-இசட் புரோகிராம் 1.24 காட்டுது. பாரம் ஏறுறப்ப கரண்ட்ட நிதானமா பிடிச்சு குடுக்க வேண்டியதே அந்த கெப்பாசிட்டருங்கதான், வருஷக்கணக்கா சூட்டுல வெந்து தளந்து போச்சுங்க. வோல்ட்ட இன்னும் ஏத்துனா ஓடும்தான், ஆனா சூடும் கூடவே ஏறும், கெப்பாசிட்டர் இன்னும் சீக்கிரம் போகும். 2009ல இருந்த நானா இருந்தா ஏத்தியிருப்பேன்.

பஸ்ஸ 300க்கு எறக்குனேன், 2.7. மறுபடி ஓடவிட்டு ஆறு மணி வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன், நிக்கல. ஸ்டார்ட் ஆகுறப்ப திரையில வந்த நம்பர பாத்துட்டு அண்ணன் முகம் சுருங்கிடுச்சு.

"முந்நூறு மெகாஹெர்ட்ஸ் போச்சே தம்பி, நீங்கதானே கூட்டி குடுத்தீங்க?"

என்ன பதில் சொல்றது லா. காசு வேணாம்ணேன்னு சொல்லிட்டு கெளம்பிட்டேன். மறுநாள் மத்தியானம் வாட்ஸ்அப்ல ஒரு ஃபோட்டோ அனுப்புனார், ரெண்டர் நூறு பர்சென்ட். ஓரத்துல பாத்தா கேஸோட பக்க மூடி திறந்து கெடக்கு, உள்ள பாத்து ஒரு டேபிள் ஃபேன், அதுக்கு ஒட்டுனாப்புல சாம்பிராணித் தட்டு புகைஞ்சுகிட்டு இருக்கு.