பரணில் கிடந்த கட்டை

அம்மா வீட்டுப் பரணைக் காலி செய்தபோது ஒன்றரை அடி நீளத்தில் ஒரு கட்டை கிடைத்தது. நல்ல கனம். ஒரு பக்கம் பச்சை பெயின்ட். மறுபக்கத்தை இழைத்துப் பார்த்தேன். செம்பழுப்பு நிறம், ரேகை அவ்வளவு அழகு. மகளுக்கு ஒன்பது மாதம், பல் முளைக்கிற நேரம். எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகிறது. இதிலேயே ஒரு கிலுகிலுப்பை கடைந்து கொடுக்க ஆசை.

ஆனால் இது என்ன மரம்?

வேங்கையோ என்று சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டேன். வேங்கை என்றால் தண்ணீர் மஞ்சளாகும், வெயிலில் பிடித்தால் ஓரத்தில் நீலம் மினுங்கும். சர்க்கரைக்காக வேங்கைக் குவளையில் தண்ணீர் குடிப்பவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்தது வெறும் டீத்தண்ணீர் நிறம். அப்புறம் குறுக்குவெட்டு முகத்தைப் புது பிளேடால் சீவி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தேக்கில் வளையத்துக்கு வளையம் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். இதில் பொடித் துளைகள், மிதிபட்ட கோலப்புள்ளி மாதிரி எங்கும் சிதறிக் கிடந்தன.

சரி என்று தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனேன். முகர்ந்தார், நகத்தால் அழுத்தினார். "நிறத்த வச்சுப் பேர் சொல்ல முடியாது தம்பி. அலமாரிக்கு நல்ல கட்டை. புள்ள வாயில வைக்கிற சாமானுக்கு வேண்டாம்." நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்றதற்குக் கோபமே வந்துவிட்டது. தில்லை மரத்துப் பால் கண்ணைக் கெடுக்கும், சேராங்கொட்டைப் பால் பட்டால் உடம்பு புண்ணாகும், பேர் தெரியாத கட்டையை நக்குவார்களா என்றார்.

பிறகு பச்சை பெயின்டைக் காட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இது அதற்கு எவ்வளவோ முந்தியது. தேய்த்தால் தூளாகிப் பறக்கும், குழந்தைக்கு அதுவும் ஆபத்து. அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். பரணுக்கு அப்பா வருஷா வருஷம் கரையான் மருந்து அடிப்பாராம். இனி அது எந்த மரமாக இருந்தால் என்ன? ஊறியிருப்பது மருந்து.

ஆசாரி வெட்பாலைத் துண்டு ஒன்று கொடுத்தார், தந்தம் போல வெளுப்பு. கர்நாடகத்தில் இருக்கிற சன்னபட்டணத்து பொம்மைகளும் இந்த மரத்தில்தான் கடைகிறார்கள். பெயின்ட், வார்னிஷ் எதுவும் பூசவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேன்மெழுகு மட்டும் தடவினேன். இப்போது அதன் கைப்பிடியில் குட்டியாக இரண்டு பல் தடம்.