குப்புறப் படுத்துக் கேட்ட ஓபரா

மார்ச் 4
கண்ணில் ஆபரேஷன். உள்ளே வாயு அடைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அது விலகாமலிருக்கத் தலையைத் தூக்கக் கூடாது. சரி, காது இருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் கேலி ஓபரா 'பாதாளத்தில் ஆர்ஃபியஸ்' போட்டுவிட்டு அக்கா சமைக்கப் போனாள்.

மார்ச் 5
பழைய கிரேக்கக் கதையில் ஆர்ஃபியஸ் செத்த மனைவிக்காக உருகிப் பாடிப் பாதாளம்வரை போவான். 1858 அக்டோபரில் பாரிஸில் மேடையேறிய இந்த ஆர்ஃபியஸுக்கும் மனைவி யூரிடிஸுக்கும் ஆகவே ஆகாது. அவன் வயலினை எடுத்தாலே அவளுக்கு எரிச்சல். அவனோ ஒன்றே கால் மணி நேர உருப்படியை வாசித்து வதைக்கிறான். அவள் செத்ததும் அப்பாடா என்று இருக்கிறவனை, 'பொதுசன அபிப்பிராயம்' என்றே பெயர் வைத்த ஒரு பாத்திரம் வந்து, போய் மீட்டு வா என்று விரட்டுகிறது.

"ஊர் என்ன சொல்லும்னுதான் போறானா? நம்ம ஆளுதான்டா" என்றாள் அக்கா.

மார்ச் 6
வெளிச்சம் தெரிகிற மாதிரி இருந்தது. தெரியாத மாதிரியும்.

மார்ச் 7
பிடரியில் ஒரு ஈ. விரட்டக் கை எட்டவில்லை. ஓபராவிலும் இன்று ஈதான்: பாதாள ராஜா புளூட்டோ அடைத்து வைத்த யூரிடிஸைப் பார்க்க தேவர்களின் ராஜா ஜூபிடர் ஈயாக மாறிச் சாவித்துவாரம் வழியே நுழைகிறார். இருவரும் ரீங்காரத்திலேயே காதல் பாடுகிறார்கள். அகலிகை வீட்டிலிருந்து பூனையாய் நழுவிய இந்திரனுக்கு யாரும் இப்படி ஒரு பாட்டுப் போட்டதில்லை.

மார்ச் 8
தூக்கமில்லை. தூக்கத்தில் தலை திரும்பியிருந்தால்? உள்ளே அடைத்த வாயு விலகியிருந்தால்? யாரிடம் கேட்பது இந்நேரத்தில்? ஜான் ஸ்டிக்ஸ் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டேன். உயிரோடிருந்தபோது கிரேக்கத்தில் பியோஷியாவின் ராஜா, இப்போது பாதாளத்தில் எடுபிடி. ராஜாவாக இருந்த காலத்தையே நினைத்து நினைத்துப் புலம்புகிறான். சிரிக்க வைக்கத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9
ஜூல் ஜானன் என்ற விமர்சகர் புனிதத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று 1859இல் திட்டித் தீர்த்தாராம். கூட்டம் இன்னும் அம்மியது. முதல் சுற்றிலேயே 228 காட்சிகள். புளூட்டோ பேசும் ஒரு வசனம் ஜானனின் கட்டுரையிலிருந்தே உருவியது என்று கதாசிரியர் க்ரேமியு போட்டு உடைத்தார். இதைச் சொன்னபோது அக்கா கரண்டியோடு வந்து நின்று கேட்டாள்.

மார்ச் 10
மறுபடி ஜான் ஸ்டிக்ஸ்.

மார்ச் 11
கூட்டிப் போகும்போது திரும்பிப் பார்த்தால் மனைவி போய்விடுவாள் என்பது நிபந்தனை. பழைய கதையில் போல இந்த ஆர்ஃபியஸ் ஆசையால் திரும்பிப் பார்க்கவில்லை. ஜூபிடர் முதுகுக்குப் பின்னால் இடியை வீசுகிறார், துள்ளித் திரும்பிவிடுகிறான். மனைவி போனாள், அவனுக்கும் நிம்மதி. இடி விழுந்தால் எவன்தான் திரும்ப மாட்டான்? பிறகு காலைத் தூக்கித் தூக்கி ஆடும் அந்த கேன்கேன் ஆட்ட மெட்டு. முழுதாகக் கேட்கவில்லை. கட்டுப் பிரிக்க நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோவில் எப்படிக் குனிந்தே உட்காருவது என்று