'கூகுள் மூலம் நுழைக' பட்டனை எங்கே அழுத்தலாம், எங்கே கூடாது

புதிதாக எந்தத் தளத்துக்குப் போனாலும், தனிப் பாஸ்வேர்டு போடாமல் ஏற்கெனவே இருக்கும் கணக்கை வைத்தே நுழைய கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் என்று வரிசையாகப் பட்டன்கள் நிற்கின்றன. அழுத்தலாமா? சாதாரணத் தளங்களுக்குத் தாராளமாக அழுத்தலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் போனால் திரும்பக் கிடைக்காத கணக்குகளுக்கு அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

பலர் பயப்படுவது தப்பான இடத்தில். நம் கூகுள் பாஸ்வேர்டு அந்தத் தளத்துக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. பாஸ்வேர்டை நாம் கொடுப்பது கூகுளின் சொந்தப் பக்கத்தில்தான்; 'இவர் இன்னார்தான்' என்று உறுதி சொல்லும் ஒரு டோக்கன், அதாவது ஒரு டிஜிட்டல் சீட்டு மட்டுமே தளத்துக்குப் போகிறது. 2012-இல் வந்த ஓஆத் 2.0, அதன் மேல் 2014-இல் வந்த ஓபன்ஐடி கனெக்ட் இரண்டும் இதற்கான விதிமுறைகள். அதனால் நாளைக்கு அந்தச் சின்னத் தளத்தை யாராவது உடைத்து உள்ளே புகுந்தாலும் திருட அங்கே நம் பாஸ்வேர்டே இருக்காது. ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவோ பாதுகாப்பு.

சரி, ஆபத்து எங்கே? எல்லாம் ஒரே கணக்கில் தொங்குவதில். 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கின் 'வியூ ஆஸ்' வசதியில் (நம் பக்கம் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது) இருந்த ஓட்டை வழியாக, பாஸ்வேர்டு இல்லாமலே கணக்குக்குள் நுழைய விடும் டோக்கன்களைத் திருடினார்கள். முதலில் 5 கோடிக் கணக்குகள் என்று ஃபேஸ்புக் சொன்னது, பிறகு 3 கோடி என்று திருத்தியது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியபோது, அதன் மூலம் மற்றத் தளங்களில் நுழைகிறவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

திருட்டைவிட எனக்குக் கவலை தருவது வேறு. விதியை மீறியதாகத் தானியங்கிச் சோதனை ஒன்று முடிவுகட்டி உங்கள் கணக்கை முடக்கினால், அதோடு கட்டியிருக்கும் தளங்களுக்குப் போகும் வழியும் அடைபடும், முறையிட ஒரு ஆள்கூடக் கிடைக்காமல் போகலாம். ஆபீஸ் அல்லது கல்லூரி மெயிலை வைத்து நுழைகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அங்கிருந்து வெளியே வந்ததும் அந்த முகவரி உங்களுடையது இல்லை.

அப்புறம் அந்தரங்கம். நீங்கள் எந்தெந்தத் தளத்தில் நுழைகிறீர்கள் என்பது கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தெரியும். 2019-இல் ஆப்பிள் அறிவித்த முறையில் உண்மையான மெயில் முகவரியை மறைத்து வேறொன்றைக் கொடுக்க முடிகிறது, நல்ல ஏற்பாடு. அனுமதி கேட்கும் திரையையும் படியுங்கள்: பெயர், மெயில், படம் வரை பரவாயில்லை, தொடர்புகளையும் டிரைவ் கோப்புகளையும் கேட்டால் எதற்கு என்று யோசியுங்கள்.

வங்கி, முதன்மை மெயில், டொமைன் (சொந்த இணையதளப் பெயர்), வேலைக்கான கணக்குகள், இவற்றுக்குத் தனிப் பாஸ்வேர்டும், பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்குக்கும் அதே சரிபார்ப்பைப் போட்டு, போன் தொலைந்தாலும் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எந்தத் தளத்தில் எந்தப் பட்டன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை வேறொன்றை அழுத்தி அதே தளத்தில் இரண்டாவது கணக்கு உருவாகிவிடும்.

தளம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பட்டன் வழியாக வந்தவரும் பின்னால் தனிப் பாஸ்வேர்டோ வேறொரு மெயிலோ சேர்த்துக்கொள்ள வழி வையுங்கள். அந்த வசதி இல்லாத தளத்தில் நான் முக்கியமான எதையும் வைப்பதில்லை.