வேடந்தாங்கல் காலையும் தானியங்கி ஐஎஸ்ஓவும்

மார்கழி மாதத்தில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு போய் நின்றால், நீருக்குள் நிற்கும் மரங்களில் அடைந்திருக்கும் நத்தைகுத்தி நாரைகள் நிழலுருவங்களாகத்தான் தெரியும். அந்த வெளிச்சத்தில் என் 500 மி.மீ. லென்ஸை அதன் அகலமான திறப்பாகிய எஃப் 6.3இல் வைத்து, ஒளி விழும் நேரமாகிய ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்கு இறக்கினாலும், பதிவான ஒளியைப் பெருக்கும் அளவாகிய ஐஎஸ்ஓ 6400ஐத் தொட்டால்தான் படம் தேறும். வெயில் நன்றாக ஏறிய பிறகோ, அதே திறப்பில், பறக்கும் பறவைக்காக 1/2000 நொடி வைத்தாலும் ஐஎஸ்ஓ 320 போதுமானதாக இருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரே காலைப்பொழுதுக்குள் வெளிச்சம் ஏறத்தாழ 160 மடங்கு, அதாவது ஏழு ஸ்டாப்புக்கும் மேல் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது) கூடிவிடுகிறது.

இந்த மாற்றத்தைக் கையால் துரத்திக்கொண்டிருந்த காலத்தில் நான் இழந்த படங்கள் பல. ஐஎஸ்ஓவைக் கேமராவின் பொறுப்பில் விடக் கூடாது என்ற பிடிவாதம் எனக்கு ஃபிலிம் நாட்களிலிருந்து வந்தது. அப்போது 400 ஐஎஸ்ஓ சுருளைப் போட்டால், 36 படங்களும் முடியும் வரை அந்த எண்ணோடுதான் வாழ வேண்டும். மாற்றுவதற்கு மீதமிருந்தவை ஷட்டரும் லென்ஸின் திறப்பாகிய அப்பர்ச்சரும் மட்டுமே. டிஜிட்டல் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஐஎஸ்ஓவை மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி கைக்கு வந்த பிறகும், பழைய பழக்கத்தாலேயே அதைப் பயன்படுத்தாமல் இருந்தேன்.

பறவைப் படத்தில் ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் விட்டுக்கொடுக்க முடியாது. சிறகின் அசைவு உறைய வேண்டுமா, அலகிலிருந்து வால் வரை கூர்மையாக வர வேண்டுமா என்பவை படம் எடுப்பவர் முடிவு செய்ய வேண்டியவை. ஐஎஸ்ஓ அப்படிப்பட்டதன்று. ஒளியைப் பதியும் சென்சாரில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைத் திறப்பும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன. ஐஎஸ்ஓ, விழுந்த ஒளியின் பதிவை எந்த அளவு பெருக்கிக் காட்டுவது என்பதைச் சொல்லும் எண். நாம் பெரும்பாலும் ஐஎஸ்ஓவின் மேல் பழி போடும் புள்ளி புள்ளியான நாய்ஸ்கூட, அடிப்படையில் ஒளி குறைவாக விழுந்ததால் வருவதுதான். ஆகவே மேனுவல் முறையில் அந்த இரண்டையும் நான் பிடித்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை மட்டும் தானியங்கிக்கு விடுவதே விடியற்காலைக்குப் பொருத்தமான ஏற்பாடு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அமர்ந்திருக்கும் கரண்டிவாயனுக்கு 1/250, அது எழும்பிப் பறந்தால் 1/2000 என்று ஒரே சக்கரத்தைச் சுழற்றினால் போதும். எஞ்சியதைக் கேமரா ஈடுகட்டிவிடும்.

இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. மேல் எல்லையை மெனுவில் நாமே வைக்கிறோம். நான் 6400 என்று வைத்திருக்கிறேன். அதற்கு மேலும் வெளிச்சம் தேவைப்பட்டால், மேனுவல் முறையில் கேமராவுக்கு வேறு வழியில்லாததால் படம் இருண்டு வரும். கீழ் எல்லையைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை. ஒரு முறை விடியலில் வைத்த 1/320 நொடியை மாற்ற மறந்து, வெயில் ஏறிய பிறகும் கொக்குகளை எடுத்துக்கொண்டே இருந்தேன். ஐஎஸ்ஓ 100க்குக் கீழே இறங்க இடமில்லாததால், முழு வெயிலில் எஃப் 6.3க்குச் சுமார் 1/640 நொடி தேவைப்படும் இடத்தில், ஒவ்வொரு படமும் ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளுத்துவிட்டது. சென்சாரின் பதிவைப் பதப்படுத்தாமல் வைக்கும் ரா கோப்பாக இருந்தும், வெந்துபோன வெள்ளை இறகுகளிலிருந்து எந்த நுணுக்கத்தையும் மீட்க முடியவில்லை. அன்றிலிருந்து, வியூஃபைண்டரில் ஐஎஸ்ஓ 100 என்று தெரிந்தாலே ஷட்டர் வேகத்தைக் கூட்டுவது என் வழக்கமாகிவிட்டது.

இன்னொரு சிக்கல் ஒளியை அளக்கும் மீட்டரைச் சேர்ந்தது. கேமராவின் மீட்டர் பறவையின் மேல் விழும் ஒளியை அளப்பதில்லை. காட்சியிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளந்து, அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. கரும்பச்சை இலைகளின் நடுவே சிறியதாக ஒரு வெள்ளைக் கொக்கு இருந்தால், இலைகளை வெளுக்கவைக்கும் முயற்சியில் கொக்கை எரித்துவிடும். அங்கே மீட்டரின் கணிப்பைத் திருத்தும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப்பேனும் குறைக்கிறேன். வெளிறிய வானத்தின் முன்னால் நீர்க்காகம் பறந்தால் நிலைமை தலைகீழ்; ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டாவிட்டால் அது கரிய வடிவமாகவே நின்றுவிடும். மேனுவல் முறையில் தானியங்கி ஐஎஸ்ஓ இயங்கும்போது இந்தத் திருத்தம் ஐஎஸ்ஓவின் மேல்தான் செயல்படுகிறது. பழைய கேமராக்கள் சிலவற்றில் இந்தச் சேர்க்கையில் திருத்தத்துக்கே வழி கிடையாது. அப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள், திறப்பை நாம் வைக்க ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும் அப்பர்ச்சர் முன்னுரிமை முறைக்குப் போய், குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை மெனுவில் நிர்ணயிக்கலாம். ஆனால் அந்த முறையில், ஐஎஸ்ஓ உச்சத்தைத் தொட்ட பிறகு கேமரா நம் குறைந்தபட்ச வேகத்தையும் தாண்டி மெதுவாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

நான் வெகுநாள் கழித்துப் புரிந்துகொண்டதும், பிறருக்குச் சொல்ல மிகவும் விரும்புவதும் இதுதான்: வெளிச்சம் மாறும்போது தானியங்கி ஐஎஸ்ஓ துணை நிற்கிறது, வெளிச்சம் நிலையாக இருந்து, பின்னணி மட்டும் மாறும்போது அதுவே கெடுக்கிறது. காலை எட்டரை மணிக்கு மேல், மேகமில்லாத நாளில், ஒரு நாரை மரக்கூட்டத்தை விட்டு எழும்பி, நீரின் மேல் வளைந்து, வானத்துக்கு ஏறுவதை எண்ணிப் பாருங்கள். அதன் மேல் விழும் வெயில் அந்த மூன்று நொடிகளில் சிறிதும் மாறவில்லை. மீட்டரோ முதலில் கறுத்த இலைகளையும், பிறகு மின்னும் நீரையும், கடைசியாக வானத்தையும் பார்த்து, ஐஎஸ்ஓவை 800, 400, 160 என்று தள்ளாடவைக்கிறது. தொடர்ச்சியாக எடுத்த இருபது படங்களில் பறவை முதலில் வெளுத்தும் பின்னர் இருண்டும் வருகிறது. எத்தனை பகுதிகளாகப் பிரித்து அளந்தாலும் மீட்டரால் இதை முழுமையாகத் தவிர்க்க முடிவதில்லை.

எனவே வெயில் நிலைத்தவுடன், நேர் வெயில்படும் ஒரு வெள்ளைப் பறவையைச் சோதனைக்காக எடுத்துப் பார்க்கிறேன். திரையில் வெளுத்த பகுதிகள் மினுங்கிக் காட்டும் எச்சரிக்கை இறகுகளின் மேல் தோன்றினால், அது மறையும் வரை ஐஎஸ்ஓவை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக இறக்கி, அந்த எண்ணிலேயே நிறுத்திவிடுகிறேன். என் கேமராவின் முன்பக்கப் பொத்தான் ஒன்றைத் தானியங்கி ஐஎஸ்ஓவைத் திறக்கவும் மூடவும் ஒதுக்கியிருப்பதால், கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே மாறிக்கொள்ள முடிகிறது. மேகம் வந்து ஏரியின் மேல் நிழல் பரவினால் ஒரு முறை அழுத்துகிறேன், விலகினால் மறுபடியும்.