லேப்டாப் வைத்துப் பியானோவுக்கு ஸ்ருதி சேர்க்கிறேன்

11 ஜனவரி 2025, சனி

மழை ஓய்ந்து காற்று கொஞ்சம் காய்ந்துவிட்டது, இனி தொடங்கலாம். சென்னையில் நவம்பரில் பியானோ ட்யூன் செய்வது வீண் வேலை, ஈரத்தில் சவுண்ட்போர்டு (கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் மரப்பலகை) உப்பி கம்பிகளை இழுத்து ஸ்ருதியை ஏற்றிவிடும், தை பிறந்ததும் அது தானாக இறங்கும். ட்யூனிங் லீவர், ரப்பர் மியூட், நீளமான ஃபெல்ட் பட்டை எல்லாம் தயார். மென்பொருள் எண்ட்ரோபி பியானோ ட்யூனர், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் ஹாயே ஹின்ரிக்சென் 2012-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை அடிப்படையாகக் கொண்டது, இலவசம்.

நடு 'ஏ'யை முதலில் அளந்தேன்: 433.7 ஹெர்ட்ஸ். 440-இல் இருக்க வேண்டியது, கிட்டத்தட்ட 25 சென்ட் (பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்) இறங்கிக் கிடக்கிறது.

12 ஜனவரி, ஞாயிறு

கிடார் ட்யூனர் ஆப் ஒன்றே போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். போதாது, ஏனென்றால் பியானோக் கம்பி கெட்டியான எஃகு, அந்த விறைப்பால் அதன் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்தே எழும் மெல்லிய மேல் ஒலிகள், கணக்குப்படி நிற்காமல் சற்று ஏறியே ஒலிக்கும். 440-இல் அதிரும் கம்பியின் முதல் மேற்சுரம் 880-இல் இருக்காது, சின்ன பியானோவில் 881-ஐ ஒட்டிக்கூடப் போகும். அப்போது மேல் 'ஏ'யைச் சரியாக 880-இல் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் மேலே உள்ளது இறங்கியதுபோல் காதில் விழும். அதனால்தான் நல்ல ட்யூனர்கள் மேல் கட்டைகளைக் கொஞ்சம் ஏற்றியும் அடிக் கட்டைகளைக் கொஞ்சம் இறக்கியும் வைக்கிறார்கள், 1938-இல் ரெயில்ஸ்பேக் என்பவர் இதை அளந்து வரைந்த கோடு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பது பியானோவுக்குப் பியானோ மாறும், பொதுவான அட்டவணை ஒன்றைப் போட்டு எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது.

18 ஜனவரி, சனி

88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அடித்துப் பதிவு செய்தேன், மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்திக்கொண்டு. ஆக அடியில் இருக்கும் 'ஏ' 27.5 ஹெர்ட்ஸ், லேப்டாப் மைக்குக்கு அது கேட்கவே கேட்காது, ஆனாலும் மேற்சுரங்களை வைத்தே மென்பொருள் அதைக் கண்டுகொள்கிறது.

அப்புறம் கணக்கு. ஒவ்வொரு கட்டையின் சுரத்தையும் துளி ஏற்றி இறக்கிப் பார்க்கிறது, எல்லாக் கட்டைகளின் மேற்சுரங்களும் ஒன்றின்மேல் ஒன்று அதிகமாகப் பொருந்தினால் மொத்த ஒலியின் குழப்பம், அதாவது எண்ட்ரோபி, குறையும். குறைந்தால் அந்த மாற்றத்தை வைத்துக்கொள்கிறது. திரையில் கோடு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து உருவாவதை அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு அழகு. இந்த ஒரு பியானோவுக்கு மட்டுமேயான கோடு அது.

19 ஜனவரி, ஞாயிறு

இன்று முதல் சுற்று, முரட்டுச் சுற்று. மொத்தம் 230 கம்பி போல, எல்லாம் சேர்ந்து பல டன் இழுவிசை. ஒரு பக்கம் ஏற்றினால் ஏற்கெனவே ஏற்றியது இறங்கும். அதனால் 25 சென்ட் குறைவாக இருந்த இடத்தில் இலக்கைத் தாண்டி ஐந்தாறு சென்ட் கூடுதலாகவே வைத்துக்கொண்டு போனேன், அது தானாக இறங்கி வந்து உட்காரும்.

26 ஜனவரி, ஞாயிறு

நுணுக்கச் சுற்று. யாராவது தொடங்குவதாக இருந்தால் இதை மட்டும் கேளுங்கள்: பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று கம்பி, திரை வழிகாட்டுவது அதில் ஒரு கம்பிக்கு மட்டும்தான். மற்ற இரண்டையும் மியூட் வைத்து அடக்கிவிட்டு நடுக் கம்பியைத் திரைப்படி நிறுத்துங்கள், பிறகு பக்கத்துக் கம்பியைத் திறந்து காதால் சேருங்கள். அரை ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தாலும் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும், அது நீண்டு நீண்டு அடங்கிப்போகும் இடம் காதுக்கு நன்றாகத் தெரியும். மூன்று கம்பியும் சேர்ந்து ஒலிக்கும்போது திரையை நம்பினால் குழப்பம்தான்.

லீவரைத் திருப்புவதைவிட, கம்பி சுற்றியிருக்கும் பின்னை (முளையை) நிலைநிறுத்துவதுதான் கடினம். கொஞ்சம் மேலே கொண்டுபோய், கட்டையை ஓங்கி அடித்து, துளி இறக்கி நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரம் வாசித்ததும் நழுவிவிடும். எந்த மென்பொருளும் இதைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளாது.

27 ஜனவரி, திங்கள்

தம்பூராவோடு வளர்ந்த காதுக்குப் பியானோவின் அந்தர காந்தாரம் உறுத்தும். தம்பூராவின் மந்தர ஸட்ஜத்திலிருந்து தானாக எழும் காந்தாரத்தைவிட இது 14 சென்ட் கூடுதல். பஞ்சமம் வெறும் 2 சென்ட் குறைவு, அது பரவாயில்லை. ஆனால் 12 சுரத்திலும் எங்கிருந்தும் தொடங்க முடிய வேண்டும் என்றால் இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், எனக்கு அதில் சம்மதமே.

9 பிப்ரவரி, ஞாயிறு

மேல் பகுதியில் சில கட்டைகளில் கம்பிகள் விலகியிருந்தன, காதாலேயே சேர்த்தேன். நடுப்பகுதி அப்படியே நிற்கிறது. அளவுக் கோப்பைச் சேமித்திருக்கிறேன், ஆடியில் நடு 'ஏ'யை மறுபடி அளந்து ஒப்பிட வேண்டும். அதற்குள் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று வாங்கிப் பியானோவுக்குள் வைக்கப் போகிறேன்.