விளம்பரத்தில் 180 குதிரைத்திறன், எஞ்சினுக்குள் மிச்சம் எவ்வளவு?

டர்போ இல்லாத 2.5 லிட்டர் செடான், 200 குதிரைத்திறன். பக்கத்திலேயே 1.8 லிட்டர் டர்போ செடான், 180 குதிரைத்திறன். விளம்பரத்தைப் பார்த்தால் முதல் வண்டிதான் பலசாலி. இரண்டுக்கும் ஈசியு ரீமேப், அதாவது எஞ்சினை ஆளும் கணினியின் (ஈசியு) மென்பொருளை மாற்றி எழுதும் வேலை, செய்துவிட்டால் கதை மாறிவிடும். டர்போ இல்லாத எஞ்சின் வளிமண்டல அழுத்தத்தில் கிடைக்கும் காற்றை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறது. மென்பொருளால் 3 முதல் 5 சதவீதம் கூடினாலே நல்ல வேலை. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டுவது சகஜம். விளம்பர எண் சொல்வது, தயாரிப்பாளர் எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்பதை மட்டும்தான். ஏன் அங்கே நிறுத்தினார் என்று தெரியாமல் ரீமேப்புக்குப் போகக் கூடாது.

மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ இதற்கு அருமையான பாடம். டார்க், அதாவது எஞ்சின் சுழற்றும் விசை, 250 நியூட்டன் மீட்டர். அதுவும் 1,250 ஆர்பிஎம்-இலிருந்து (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) 5,000 வரை கோடு போட்ட மாதிரி ஒரே மட்டம். எந்த டர்போ எஞ்சினும் தானாக அப்படித் தராது. மேலே இருப்பதை மென்பொருள் வெட்டினால்தான் வரைபடம் இவ்வளவு தட்டையாக வரும். வெட்டியதற்குக் காரணம் எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ். அதோடு வந்த டிக்யூ200 என்ற 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் வகை. அதன் தாங்குதிறனே 250 நியூட்டன் மீட்டர்தான். அதே 180 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) எஞ்சினை ஆடி ஏ3 குவாட்ரோவில் 6 கியர் ஈரக் கிளட்ச் பெட்டியோடு சேர்த்தபோது 280 நியூட்டன் மீட்டர் கொடுத்தார்கள். குதிரைத்திறன் மட்டும் மாறவில்லை.

கணக்கும் அங்கேயே இருக்கிறது. நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்-ஆல் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பிஎஸ். 250 × 5,100 ÷ 7,024 = 181.5. ஆக, 250 நியூட்டன் மீட்டர் என்பது எஞ்சினின் எல்லை அல்ல, கியர்பாக்ஸுக்காகப் போட்ட வேலி. அந்த வேலியைத் தாண்டி 330, 340 என்று ஏற்றினால் எஞ்சின் தாங்கும், உலர் கிளட்ச் வழுக்கும், சூடேறும், நகரும்போது அதிர ஆரம்பிக்கும். மேனுவல் வண்டியிலும் கிளட்ச்தான் முதலில் கைவிடும். நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்-இல் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் கிளட்ச் முடிந்தது.

எரிபொருள் போடும் வேலியும் உண்டு. மஸ்டா 6-இன் 2.5 டர்போவுக்கு அமெரிக்காவில் நிறுவனமே இரண்டு குதிரைத்திறன் எண் கொடுத்தது: அந்நாட்டு அளவில் 87 ஆக்டேனில் 227, 93 ஆக்டேனில் 250. வண்டியில் ஒரு பாகம்கூட மாறவில்லை. ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் நாக் (கலவை தானாகப் பற்றித் தட்டுவது) வரும், ஈசியு இக்னிஷனைத் தாமதப்படுத்தும், பவர் போகும். எனவே ஆர்ஓஎன் அளவில் 98 ஆக்டேனுக்கு எழுதிய ரீமேப்பை வைத்துக்கொண்டு 91 போட்டு ஓட்டினால், காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பவரை ஈசியு திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.

“ரெண்டும் ஒரே எஞ்சின்தானே, சாஃப்ட்வேர்தான் வித்தியாசம்” என்ற பேச்சை அப்படியே நம்பாதீர்கள். ஹோண்டா அக்கார்டின் 2.0 டர்போ, சிவிக் டைப் ஆர் எஞ்சினின் உறவுதான்; ஆனால் டர்போ சிறியது. எஃப்30 பிஎம்டபிள்யூ 320ஐ, 330ஐ இரண்டிலும் பி48 எஞ்சின் வந்தது. கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற எண்) முதலாவதில் 11, இரண்டாவதில் 10.2. பிஸ்டனே வேறு என்று அர்த்தம். டர்போ, இன்ஜெக்டர், பிஸ்டன், இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்), கிளட்ச் ஆகியவற்றின் பார்ட் நம்பரைப் பாகப் பட்டியலில் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை, உண்மை வெளியே வந்துவிடும்.

அடுத்தது லாகிங், அதாவது ஓடும்போது எஞ்சினின் எண்களைப் பதிவு செய்வது. வண்டிக் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி, டைனோவிலோ (பவரை அளக்கும் உருளை மேடை) மூடிய பாதையிலோ நான்காவது கியரில் 2,000-இலிருந்து ரெட்லைன் வரை ஒரே இழுப்பு. ஈசியு கேட்ட பூஸ்ட்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) கிடைத்த பூஸ்ட்டும் ஒத்துப்போகிறதா? டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டை மூடி வைக்க ஈசியு தரும் கட்டளை (டியூட்டி) 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் டர்போவிடம் இனி மிச்சமில்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் ரெயில் பிரஷரையும் (இன்ஜெக்டருக்குப் போகும் எரிபொருளின் அழுத்தம்) பாருங்கள்: ஈசியு 200 பார் கேட்க, 5,500 ஆர்பிஎம்-க்கு மேல் 150-க்கு இறங்கினால் உயர் அழுத்த பம்ப் தோற்றுவிட்டது. அதன்மேல் பூஸ்ட் ஏற்றினால் கலவை லீன் ஆகி (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல்) பிஸ்டன் உருகும். உள்ளே போகும் காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். ஒரே இழுப்பில் 25 டிகிரி ஏறுகிறது என்றால் ரீமேப்புக்கு முன் இன்டர்கூலரை மாற்றுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் இக்னிஷன் 4, 5 டிகிரி பின்வாங்கினால், அந்தக் கோளாறைச் சரிசெய்யும்வரை டியூனிங் பேச்சே வேண்டாம்.

ஸ்பார்க் பிளக் சின்ன விஷயம்தான், ஆனால் ரீமேப்புக்குப் பிறகு வரும் மிஸ்ஃபயரில் பாதிக் கதை அங்கேதான். அழுத்தம் கூடினால் பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். 0.75 மில்லிமீட்டர் இடைவெளியை 0.6-க்கு இறக்கி, ஒரு படி கூலான பிளக் போட்டால் அடங்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது 1,500-இலிருந்து 2,500 ஆர்பிஎம் வரையான பகுதி. மிதித்த உடனே முதுகில் அறைகிற மாதிரி இழுக்க வேண்டும் என்று அங்கே டார்க்கைக் கொட்டுகிறார்கள். சிறிய நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவில் பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் எல்எஸ்பிஐ வருவது அந்த இடத்தில்தான். பிஸ்டனில் ரிங்கைத் தாங்கும் விளிம்பான ரிங் லேண்ட் உடையும், கனெக்டிங் ராட் வளையும். 3,000-க்குப் பிறகே டார்க் உச்சத்துக்கு வரும்படி மேப் எழுதச் சொல்லுங்கள். டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறியீடு உள்ள எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். மேலே சொன்ன சோதனைகள் தவிர, தாழ்ந்த ஆர்பிஎம்-இல், உயர் கியரில் முழுதாக மிதிக்காதீர்கள்.

டைனோ தாளையும் கவனித்துப் படியுங்கள். ஃப்ளைவீலில் 180 இருக்கும் முன்சக்கர வண்டி, சக்கரத்தில் 150 முதல் 160 காட்டுவது இயல்பு. “ரீமேப்புக்குப் பின் 230” என்று தாளில் இருந்தால் அது சக்கரத்தில் அளந்ததா, இழப்பைக் கூட்டிப் போட்டதா என்று கேளுங்கள். ரீமேப்புக்கு முந்தைய ஓட்டமும் அதே டைனோவில், அதே நாளில், அதே கியரில், அதே கரெக்‌ஷன் ஃபேக்டரில் (வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் காரணி) இருக்க வேண்டும். சரிபார்க்க இன்னொரு வழி: உள்ளே போகும் காற்றை அளக்கும் மேஃப் சென்சார் உள்ள பெட்ரோல் வண்டியில், லாகில் வரும் உச்சக் காற்றோட்டத்தை, ஒரு நொடிக்கு இத்தனை கிராம் என்ற எண்ணை, 1.25-ஆல் பெருக்கினால் எஞ்சினின் குதிரைத்திறன் தோராயமாகக் கிடைக்கும். 150 கிராம் காற்று உறிஞ்சும் எஞ்சின் 187 அருகே தரும். அதே லாகை வைத்துக்கொண்டு யாராவது 230 என்று சொன்னால், டைனோவில் எந்த கரெக்‌ஷன் போட்டார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.